வாயாடியின் பேசும் பெட்டி

தெருவில் எல்லோருக்கும் அவள் வாயாடிதான். பெயர் வைத்தவர் அவளுடைய அண்ணன். பிறவியிலேயே கண் தெரியாதவர். "இவ வாய் இருக்கிறப்போ எனக்குக் கண்ணு எதுக்கு?" என்பார். ஆண்டவன் கணக்கு நமக்கு எங்கே புரிகிறது! அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. மருத்துவர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள், குரல் போய்விட்டது.

அவள் வீடு திரும்பிய கையோடு அண்ணன் மகன் தகப்பனை அழைத்துக்கொண்டு வந்தான். "அப்பாவை வெளியூர்ல ஒரு இல்லத்துல விடலாம்னு இருக்கேன். அத்தை என்ன சொல்றீங்க?" கூடாது கூடாது என்று அவள் தலையை ஆட்டினாள். அவன் பார்க்காததுபோல் இருந்துவிட்டான். அண்ணன் காதுக்கு எட்டியது அவளுடைய மௌனம் மட்டும்தான்.

அப்போது கடையில் இருந்த கணவர், விஷயம் தெரிந்ததும் போன் செய்தார். "மச்சான், அவளுக்கு இதுல துளிகூட இஷ்டமில்ல. எங்களோட வந்து இருங்க."

"நீங்க நல்ல மனுஷன் மாப்ள, சமாதானம் சொல்றீங்க. குரல் போனாலும், இஷ்டமில்லேன்னா எதையாவது தட்டிச் சத்தம் போட்டிருப்பா; அவ சும்மா இருந்ததை என் காதால கேட்டேனே. அவளே சொல்லட்டும், வர்றேன்."

கணவருக்கு டிவி பழுது பார்க்கும் கடை. யாரோ கொடுத்துவிட்டுத் திரும்ப வராத பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று அங்கே கிடந்தது. கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடக்கம்; டிவியில் மாட்டினால் எழுத்து தெரியும். அதன் முதுகில் செருகுகிற பேசும் பெட்டி ஒன்றை எங்கெங்கோ அலைந்து பிடித்து வந்தார். தட்டியதையெல்லாம் அது ஆண்குரலில், தகரத்தை உருட்டினாற்போல் பேசியது. ஆனால் நாலைந்து வரிக்கு மேல் அந்தக் கம்ப்யூட்டருக்கு நினைவில் நிற்கவில்லை. வாயாடிக்கு நாலைந்து வரி எந்த மூலைக்கு? மெமரி பெட்டி ஒன்றையும் சேர்த்துச் செருகினார். அவள் நாள்கணக்கில் தட்டினாள்.

இரண்டு பெட்டியும் சேர்ந்ததும் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டர் கொதித்தது, டிவியில் எழுத்து நடுங்கியது.

"ரெண்டு பேருக்கு ஆக்கினதுல நாலு பேர் பந்திக்கு உக்காந்தா என்ன ஆகும்? மெமரிய எடுத்துடறேன். 'சம்மதமில்ல, என்கூட இரு'ன்னா போதாதா?" என்றார் கணவர்.

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். முறைத்தாள். பெட்டியின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"உன்கிட்ட என்னிக்கு ஜெயிச்சேன்!" என்று அவர் மின்விசிறியை அடாப்டர் பக்கம் திருப்பி வைத்தார். அந்த ரக அடாப்டர் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. வேறொன்றைத் தானே செய்து மாட்டலாம், அதற்கு நேரமில்லை. இல்லத்துக்குப் போகிற வழியில் விடைபெற்றுக்கொள்ள அண்ணன் அன்று வருகிறார்.

வந்தார். மகன் காரைவிட்டு இறங்கவில்லை.

பெட்டி பேசியது. "அண்ணா, வாயாடி பேசறேன். ஆம்பளைக் குரலா இருக்கேன்னு பயந்துடாதே."

"அடிப்பாவி!" அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "மீசையும் முளைச்சிருக்கா?"

அவள் பேச்சு என்றைக்கு நேர்வழியில் போயிருக்கிறது? அவருடைய மூட்டுவலியை விசாரித்தது பெட்டி. சின்ன வயதில் அவர் அவளுடைய பென்சிலை ஒளித்து வைத்ததற்கு ஏசியது. அவர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். டிவியில் எழுத்து நடுங்க ஆரம்பித்தது. கணவர் அடாப்டரைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார்.

"அன்னிக்கு உன்னை அனுப்பறதைப் பத்திக் கேட்டப்போ, நான்..."

அவ்வளவுதான். திரை இருண்டது. கருகல் நாற்றம் வந்தது.

அண்ணன் காத்திருந்தார். "நீ?" என்றார். மறுபடியும் காத்திருந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"மெஷின் புகைஞ்சிடுச்சு மச்சான்! அவ முழுசா அடிச்சு வச்சிருக்கா. சம்மதமில்லேங்கிறா!"

"சரிங்க மாப்ள. நாத்தம் எனக்கும் வந்துச்சு, ஆனா அவ அதுக்கு முன்னாலயே நின்னுட்டா. பாவம், சம்மதிச்சேன்னு என்கிட்ட சொல்ல மனசு வரல."

அவள் ஓடிவந்து அவர் கைகளைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் விரல்களில் கண்ணீர் பட்டது; தலை ஆடியதை அழுகையின் குலுங்கல் என்று நினைத்தார்.

"அழாதடா. உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல," என்று கண்ணைத் துடைத்துவிட்டார். கார் ஹாரன் அடித்தது. கணவர் வாசல்வரை வாதாடிக்கொண்டே போனார்.

"அப்பாவே சரின்னுட்டார், விடுங்க மாமா," என்றான் மகன்.

காரில் உட்கார்ந்த அண்ணன் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி அசைத்தார். அந்தப் பக்கம் யாரும் இல்லை. அவள் காரைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். அதற்குள் கார் நகர்ந்துவிட்டது.