பதினொன்றரைக் காட்சிக்கு எத்தனை பேர்?

இப்போதெல்லாம் ஒரு படம் வெளியான அன்று சாயங்காலமே எவ்வளவு வசூல், எந்தப் பழைய சாதனை உடைந்தது என்று கைப்பேசி சொல்லிவிடுகிறது. எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் அந்த வேலையை நான் பார்த்தேன். அப்போது ஐந்தாம் வகுப்பு. வசூல் எல்லாம் எங்களுக்கு எட்டாத சங்கதி. நாங்கள் எண்ணியது நாளையும் தலையையும்தான்.

ஓசூரில் தொழிற்சாலைகளுக்குப் பின்புறம் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். எட்டுக் குடும்பம், ஒரே குழாய். தமிழில் ஆரம்பிக்கிற குழாயடிச் சண்டை தெலுங்கில் வளர்ந்து கன்னடத்தில் சமாதானமாகும். குழாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது, படத்துக்கு வருகிறேன்.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எங்களோடுதான் இருந்தார். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்த்தார். அவருக்கு இந்த உலகத்தில் இரண்டே பெருமை. ஒன்று மீசை, இன்னொன்று அவருடைய நாயகன். எது பெரியது என்று கேட்டால் அவராலேயே சொல்ல முடியாது.

எதிர்வீட்டு மாமா தெலுங்கு பேசுகிறவர். வேறொரு கம்பெனியில் ஸ்டோர் பார்த்தார். அவர் இளவட்டமாக இருந்தபோது அவருடைய நாயகனின் தெலுங்குப் படம் ஒன்று எங்கள் ஊர்த் தியேட்டரில் எழுபத்தைந்து நாள் ஓடியதாம். அதற்குப் பிறகு வந்த எந்த மொழிப் படமும் அதைத் தாண்டவில்லையாம். 'ஆம்' போட்டுத்தான் சொல்ல வேண்டும். தியேட்டர் கைமாறிப் பழைய ஆட்களெல்லாம் போய்விட்டார்கள். அந்தக் கணக்குக்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி மாமாதான்.

அந்தத் தியேட்டரில்தான் சித்தப்பாவின் நாயகன் நடித்த புதுப்படம் வந்தது. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வருவார்கள். முதல் வாரம் வரிசை ரோடு வரை நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமையே குழாயடியில் பந்தயம் வைத்துவிட்டார் சித்தப்பா.

"எழுபத்தஞ்சு நாளைத் தாண்டலைன்னா இந்தக் குழாயடியிலயே என் மீசைய எடுத்துர்றேன்ணே!"

"ஏமப்பா, மீசையும் போச்சுன்னா அந்த மொகத்துல வேற என்னா இருக்குது உனக்கு?"

"தாண்டிருச்சுன்னா நீங்க?"

"என் மீசைய எடுத்துக்கோ போ."

உள்ளேயிருந்து எதிர்வீட்டு மாமி குரல் கொடுத்தார். "அந்த மூஞ்சிய தெனம் பாக்கப் போறது நானு! என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

சித்தப்பா எனக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கித் தந்தார். நாள், காட்சி, ஆட்கள் என்று மூன்று கட்டம். பக்கம் வெறிச்சென்று இருந்ததால் நான்காவதாக நானே ஒரு கட்டம் போட்டேன்: ஷிப்ட். டிபன் டப்பா கட்டுகிற வசதிக்காக அம்மா நாள்காட்டியில் சித்தப்பாவின் ஷிப்டைக் குறித்து வைத்திருப்பார். அதைப் பார்த்து எழுதுவேன், அழகுக்குத்தான்.

முதல் மூன்று வாரம் என் நோட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. 'ஹவுஸ்ஃபுல்', 'முக்கால்வாசி' என்று சித்தப்பா யாரிடமாவது விசாரித்து வந்து சொல்வார். அந்தச் சமயத்தில்தான் அவர் கம்பெனியில் ஆர்டர் குறைந்தது. "இனிமே எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் மட்டுந்தான் மதினி" என்றார். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை. ஒரே நேரத்துக்குச் சமைத்தால் போதுமென்று அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

ஐந்தாவது வாரம் படத்துக்கும் அதே கதிதான். மற்றக் காட்சிகளுக்கு வேறு படம் வந்துவிட, நம்முடையது காலை பதினொன்றரைக் காட்சி மட்டும் என்று ஆனது.

"ஒத்த காட்சியெல்லாம் கணக்குல சேருமாப்பா?" என்று மாமா சீண்டினார்.

"போஸ்டர் செவுத்துல இருக்குற வரைக்கும் ஓட்டந்தாண்ணே!"

வேடிக்கை என்னவென்றால், கூட்டம் குறையக் குறையச் சித்தப்பாவின் கணக்கு துல்லியமானது. மூன்று மணிக்குக் கம்பெனிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதே சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

"முப்பத்தெட்டு பேரு. அதுல ஆறு பேரு தூங்குனாய்ங்க. அத எழுதாத பாப்பா."

எழுதினேன். 'இடைவேளைக்கு அப்புறம் கரண்ட் இல்லை, இருபது நிமிஷம். மூன்று பேர் எழுந்து போனார்கள். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்' என்பதுகூட என் நோட்டில் இருந்தது. இப்படி ஒரு கணக்கு எந்த விநியோகஸ்தரிடமும் இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் லைன் வீட்டுப் பெண்களையெல்லாம் சித்தப்பா கிளப்பிக்கொண்டு போவார். நானே நாலு தடவை பார்த்தேன். எதிர்வீட்டு மாமி தான் எதிரணி என்பதை மறந்து, நாயகனின் அம்மா சாகிற காட்சியில் தேம்பித் தேம்பி அழுதார். அடுத்த வாரமும் அதே இடத்தில் அழுவதற்காகவே வந்தார்.

இத்தனை செய்தும் பத்தாவது வாரத்தோடு தூக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் நாயகனின் முகத்தின்மேல் ஒரு கன்னடப் படத்தின் போஸ்டர். எழுபது நாள். சித்தப்பா அன்று மத்தியானம் சோற்றைத் தொடவில்லை. "அஞ்சே அஞ்சு நாளு மதினி" என்று மட்டும் சொன்னார். சினிமாவுக்குப்போய் இப்படியா என்று அம்மா திட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் எட்டு வீடும் கூடிவிட்டது. மாமா கண்ணாடி, சோப்பு, புது பிளேடு எல்லாம் எடுத்து வந்தார். சித்தப்பா துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். எனக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்து மாமாவின் கையில் திணித்தேன்.

"நாளு மட்டும் பாத்தா எப்படி? ஆளைக் கூட்டிப் பாருங்க! ஒவ்வொருத்தரா எண்ணி வச்சிருக்கோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துக்கொண்டேதான் பிரித்தார். தமிழை அவர் விரல் வைத்து, எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். தூங்கிய ஆறு பேர் வந்தபோது வாய்விட்டுச் சிரித்தார். பிறகு விரல் என்னுடைய நான்காவது கட்டத்துக்கு, ஷிப்டுக்குப் போனது. அங்கிருந்து பதினொன்றரைக்கு வந்தது. மறுபடி நான்காவது கட்டத்துக்குப் போனது. பக்கத்துக்குப் பக்கம் அப்படியே போய்க்கொண்டிருந்தது, சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது.

நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார்.

"நான்தான்பா தப்பு. எங்க படம் எழுபத்தஞ்சு இல்ல. ஒம்பது வாரம், அறுபத்து மூணு நாளு. இப்பதான் ஞாபகம் வருது."

"கல்யாணம் ஆன நாளா எழுபத்தஞ்சு எழுபத்தஞ்சுன்னு என் உசுர வாங்குனீங்களே!" என்றார் மாமி.

"வயசாயிடுச்சு இல்லம்மே" என்று சொல்லிவிட்டு மாமா தன் முகத்தில் சோப்பைப் போட்டுக்கொண்டார்.

சித்தப்பா பதறி எழுந்து அவர் கையைப் பிடித்தார். "வேணாண்ணே. அண்ணே, வேணாம்." மாமா கேட்கவில்லை. பாதி மீசை போன பிறகு சித்தப்பாவின் காதருகே குனிந்து, பக்கத்திலிருந்த எனக்கு மட்டும் கேட்கிற குரலில் அவரிடம் சொன்னார்: "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு என்கூட வா. எங்க கம்பெனில பேசிப் பாக்கறேன். அந்தச் சட்ட வேணாம், வேற போட்டுக்கினு வா."

நான்காவது வாரமே சித்தப்பாவுக்கு வேலை போய்விட்டது என்பதை அம்மா பல வருஷம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார். அண்ணன் வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. தினமும் கம்பெனிச் சட்டையும் டிபன் டப்பாவுமாக ஐந்து மணிக்கே கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, பதினொன்றரைக்குத் தியேட்டருக்குள் போய்விடுவாராம். படம் ஓடுகிற வரைக்கும் அவருக்குப் போக ஓர் இடம் இருந்திருக்கிறது.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? பழைய சாதனையை ஒரு வாரம் கூடுதலாகவே உடைத்துவிட்டோம் என்று குதித்தேன். சித்தப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மறுபடி கல்லில் உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது. நான் ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய், ஜெயித்த சந்தோஷத்தில் எங்கள் சித்தப்பா அழுகிறார், வந்து பாருங்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டேன்.