பென்சிலில் எழுதிய வீடு

மாங்கோட்டுவிளை பஞ்சாயத்து ஆபீசில் கட்டிட வரிப் பிரிவு கிளார்க்காக இருந்த ஞானசம்பந்தத்தைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷன் என்பார்கள். கூடவே, நல்ல மனுஷனாக இருந்து என்ன கண்டார் என்றும் கேட்பார்கள். அவர் கண்டது என்ன என்பதை அவர் அக்கா ஆனந்தவல்லி நன்றாக அறிவாள்.

அப்பா, தாத்தா எல்லோரும் மகாராஜா காலத்திலேயே சர்க்கார் கணக்கு எழுதியவர்கள். நிலமெல்லாம் கரைந்த பிறகும் வீட்டில் ஒரு கௌரவம் மட்டும் மிச்சம் இருந்தது. சர்க்கார் மேஜையில் உட்கார்ந்தவன் மேல் ஒரு சொல் வரக்கூடாது. ஞானசம்பந்தம் ஆபீஸ் பேனாவில் சொந்தக் கடிதம்கூட எழுதமாட்டார். தான் குடியிருந்த வெள்ளறடையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து இறங்குவார், கையொப்பம் போடுவார், வரிப்பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் குடும்ப விசேஷம் கேட்பார். குடும்ப விசேஷம் கேட்பதும் அந்த ஆபீசில் வேலையில் சேர்த்திதான். காரணம் உண்டு.

சட்டப்படி ஒரு வீட்டின் பெயரை மாற்றவேண்டுமென்றால் விண்ணப்பம் வேண்டும், ஆதாரம் என்கிற பத்திரம் வேண்டும், நெய்யாற்றின்கரை சப் ரிஜிஸ்தார் ஆபீஸ் படியேற வேண்டும். அந்த எல்லைப்பக்கத்து ஜனங்களில் பாதிப்பேருக்கு வீடு கேரளத்தில், விளைநிலம் தமிழ்நாட்டில். இரண்டு சர்க்காருக்கும் பேப்பர் கொடுத்துக் கொடுத்து வெறுத்துப்போனவர்கள். அதனால் பாகம் பிரிப்பதெல்லாம் வாய்ச்சொல்லில் முடித்துவிடுவார்கள். மூத்தவனுக்கு விளை, இளையவளுக்கு வீடு என்று நாலுபேர் முன்னால் சொன்னால் சொன்னதுதான். பிறகு ஒருநாள் பனச்சமூட்டுச் சந்தைக்கு வருகிற வழியில் ஆபீசில் ஏறி விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள். கிளார்க், மையில் இருக்கிற பழைய பெயருக்குப் பக்கத்தில் புதிய பெயரைப் பென்சிலில் எழுதி வைப்பார். ஆதாரம் வந்ததும் மையில் எழுதலாம் என்பது பேச்சு. ஆதாரம் வரவே வராது. வரி ரசீது மட்டும் பென்சில் பெயருக்கே போகும், அந்த ரசீதை வைத்து ரேஷன் கார்டு, கரண்ட் எல்லாம் நடக்கும். ஞானசம்பந்தத்துக்கு முன்னால் இருந்த கிளார்க்குகள் தொடங்கி வைத்த வழக்கம் அது. யாருக்கும் எந்தக் கெடுதலும் வரவில்லை.

ஆனந்தவல்லியின் பெயரும் அப்படித்தான் ஏறியது. கல்யாணமாகிப் பிள்ளை இல்லாமலே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள். வீட்டின் பத்திரம் மூத்த அண்ணன் அனந்தகிருஷ்ணன் பெயரில் இருந்தது. முதலில் உத்தியோகத்துக்குப் போன பிள்ளை என்று அப்பா அவர் பெயரிலேயே எழுதிவிட்டார். அனந்தகிருஷ்ணன் திருவனந்தபுரத்தில் வீடு கட்டிக் குடியேறிவிட்டவர், ஆனால் பேராசைக்காரர் அல்ல. அப்பாவின் பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும் சொந்தக்காரர்கள் முன்னிலையில் வீடு தங்கைக்கு என்று சொன்னார். மறுநாள் காலையிலேயே தம்பியின் ஆபீசுக்கு வந்து மேஜைக்குப் பக்கத்தில் நின்றார்.

"எழுது மக்கா. வீடு வல்லிக்காக்கும்."

ஞானசம்பந்தம் பென்சிலைக் கூராக்கி அக்காவின் பெயரை எழுதினார். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, சரி, வாறேன் என்று கிளம்பினார். அதோடு எல்லோரும் அதை மறந்துபோனார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஆபீசிலேயே காற்றோட்டமான அறையைக் காலி செய்து, ஜன்னலை அடைத்து, குளிர்ப்பெட்டி வைத்து, அதைக் கொலுவிருத்தினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வெளியே வரி கட்ட வந்தவர்கள் வியர்த்து வழிய, உள்ளே அந்தப் பெட்டி துணி போர்த்திக்கொண்டு சுகமாக இருந்தது. கரண்ட் போனால் அதுவும் இல்லை, அப்போது எல்லோரும் ஒன்றாக வியர்ப்பார்கள். பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்குப் பிரசீதா என்ற பெண்ணை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். நல்ல பெண். விரல் ஓடுகிற வேகத்தைப் பார்க்கவே பியூன் பொன்னப்பன் வாசலில் போய் நிற்பான்.

முதல் பக்கத்திலேயே முட்டிக்கொண்டது. ஒரு வீட்டுக்கு ஓர் உடைமைக்காரர் பெயர்தான் கம்ப்யூட்டர் வாங்கும். பிரசீதா பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, சாரே, இதில் எந்தப் பெயரை அடிக்க என்று கேட்டாள். செக்ரட்டரி கொல்லம் பக்கத்துக்காரர், ஊருக்குப் புதிது. பென்சில் எழுத்துகளைப் பார்த்து அவருக்குத் தலை சுற்றியது. இது சர்க்கார் ஆபீசா, சீட்டுக் கம்பெனியா என்று சத்தம் போட்டார். பிறகு உத்தரவு போட்டார். ஓணத்துக்குள் மையில் பெயர் உள்ளவரின் சம்மதக் கையெழுத்தோடு விண்ணப்பம் தருகிறவர்களுக்குப் பெயர் மாறும், தராதவர்களின் பென்சில் எழுத்தை அழித்துவிட்டுப் பதிவேட்டைச் சுத்தமாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கவேண்டும்.

ஞானசம்பந்தம் நோட்டீஸ் ஒட்டியதோடு நிற்கவில்லை. நோட்டீசை எவன் படிக்கிறான் என்பது அவருக்குத் தெரியும். ஆபீஸ் விட்டதும் குடையை இடுக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினார். கையெழுத்து வாங்கு, சீக்கிரம் கொண்டுவா என்று நச்சரித்தார். மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தவர்களைக் குழியிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தார். சண்டை போட்டுப் பேச்சில்லாமல் இருந்த அண்ணன் தம்பிகளை ஒரே ஆட்டோவில் ஏற்றி ஆபீசில் கொண்டு இறக்கினார். அந்த நாட்களில் அவரால் தப்பித்த வீடுகள் கொஞ்சமல்ல.

அக்காவிடமும் சொன்னார். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணனிட்ட போய் ஒப்புப் போட்டுத் தாங்கன்னு கேக்கச் சொல்லுதியா? வாக்குச் சொன்ன ஆளிட்ட பேப்பர் கேட்டா, நம்பல்லேன்னு ஆயிப்போவும்லா. நான் போவமாட்டேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தக் குடும்பத்தில் வாய்ச்சொல்லுக்கு மேல் கையெழுத்துக் கேட்பது முகத்தில் அடிப்பது மாதிரி. ஞானசம்பந்தத்துக்கும் அண்ணன் எதிரே நின்று கேட்க நாக்கு எழாது. அதனால் அவள் மாட்டேன் என்றது அவருக்கு உள்ளுக்குள் நிம்மதியாகவே இருந்தது. அண்ணன் இருக்கிறார், சொன்ன சொல் இருக்கிறது, கம்ப்யூட்டரில் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஓணம் முடிந்தது. பென்சில் எழுத்து எதுவென்று அவருக்குத்தான் தெரியும் என்பதால் அழிக்கிற ரப்பரையும் செக்ரட்டரி அவர் கையிலேயே கொடுத்தார். பக்கம் பக்கமாக அழித்துக்கொண்டு வந்தவர் அக்காவின் பெயரில் வந்து நின்றார். விட்டுவிடலாமா என்று நினைத்தார். விட்டால், ஊரான் பெயரை அழித்தவன் சொந்தக்காரி பெயரை வைத்துக்கொண்டான் என்று நாளைக்கு ஒரு சொல் வரும். பக்கத்து மேஜை கிளார்க் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது பார்ப்பதாக ஞானசம்பந்தத்துக்குத் தோன்றியது. அழித்தார். நன்றாகவே அழித்தார்.

மறுவருஷம் மழைக்காலத்தில் அனந்தகிருஷ்ணன் மாரடைப்பு வந்து, ஆபரேஷனும் பலிக்காமல் போனார். ஆண்டுத் திதி முடிந்ததும் அவர் மகன் அகிலேஷ் ஆபீசுக்கு வந்தான். மரியாதை தெரிந்த பையன், சித்தப்பா உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான். அப்பாவின் வைத்தியத்தில் குடும்பம் நொடிந்துபோயிருந்தது. வீட்டை ரப்பர் வியாபாரி ராபின்சனுக்குக் கொடுப்பதாகப் பேசியிருந்தான். அதற்கு உடைமைச் சான்று வேண்டும். அத்தையைத் தெருவில் விடமாட்டேன், எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை இருக்கிறது என்று அவனாகவே சொன்னான்.

ஞானசம்பந்தம் விஷயத்தைச் சொன்னார். சடங்கில் அண்ணன் சொன்னதையும், ஆபீசில் வந்து நின்றதையும் சொன்னார். அவன் கேட்டுக்கொண்டான். பொய் என்று அவன் நினைக்கவில்லை. அப்பா அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான் என்றான். பிறகு தயங்கித் தயங்கி, "எழுதினது உண்டும்னா காட்டுங்க சித்தப்பா, நான் அம்மையிட்டச் சொல்லியாவது நிறுத்துகேன்" என்றான்.

ஞானசம்பந்தம் பழைய பதிவேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். மையில் அண்ணன் பெயர் இருந்தது. பக்கத்தில் வெள்ளைக் காகிதம் இருந்தது. செக்ரட்டரி வந்து, பென்சில் பெயருக்குப் போட்ட பழைய ரசீதெல்லாம் செல்லாது, கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறதோ அதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். பிரசீதா அச்சடித்துக் கொடுத்த சான்றில் பிரிவு கிளார்க் என்ற இடத்தில் ஞானசம்பந்தம் கையெழுத்துப் போட்டார். முத்திரையும் அவரே குத்தினார்.

அக்கா திருவனந்தபுரத்து மாடி அறைக்குக் கிளம்புகிற அன்று அவர் லீவு போட்டுவிட்டுப் போனார். அவளிடம் எடுத்துவைக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தகரப் பெட்டி, ஒரு பை. கதவைப் பூட்டிச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, அத்தனை நாளும் கேட்காததைக் கேட்டாள்.

"எம்பேரை ஆரு மாய்ச்சது? அந்தக் கம்ப்யூட்டர் பெண்ணா?"

"இல்லக்கா. நானாக்கும்."

அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"போவமாட்டேன்னு நான் சொன்னது நெசம்தான். ஊருக்காரனை ஒக்க வீடு ஏறி ஏறிக் கூப்பிட்டியாம், சொன்னாவ. எனக்கிட்ட ரெண்டாமத்து வாட்டி கேட்டியா, எலே? கேட்டிருந்தா நான் போயிருப்பேன்."

ஞானசம்பந்தம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். பஸ் வந்ததும் பெட்டியை ஏற்றிக் கொடுத்தார். இன்னொரு தடவை கேட்டிருந்தால் அவள் போயிருப்பாள் என்பது, அவள் மாட்டேன் என்ற அன்றே அவருக்குத் தெரியும்.