வாசலில் தூவிய மடு மண்

நொர்வேயில், பியோர்ண்டால் பக்கத்துப் பழைய ஐஸ் ஹொக்கி மண்டபத்தை மரியரஞ்சனி கூட்டித் துடைத்த காலத்தில், அவளிடம் ஏச்சு வாங்காத தகப்பன்மார் குறைவு. பனிக்காலத்தில் ஆட்கள் வழுக்கி விழாமலிருக்க வீதியெல்லாம் பொடிக்கல் போடுவார்கள். அந்தக் கல் ஒட்டிய சப்பாத்தோடு யாராவது, பிள்ளைகள் ஸ்கேட்ஸோடு நடக்கும் ரப்பர் விரிப்பில் கால் வைத்தால் போதும், பிள்ளைகளின் ஸ்கேட்ஸ் கத்தி மழுங்கிவிடும் என்று பிடித்துத் தின்னாத குறையாகப் பாய்வாள்.

அங்கே தகரக் கூரை ஒழுகும். பெண் பிள்ளைகள் சாமான் அறையில்தான் உடுப்பு மாற்றினார்கள். அவளுடைய ஒரே மகள் றொஷானியும் அப்படி விளையாடி வளர்ந்தவள்தான். அதை இடித்துவிட்டுப் புது மண்டபம் கட்டினார்கள். ஐஸை உறைய வைக்கும் இயந்திரத்தின் சூட்டிலேயே குளிக்கத் தண்ணீர் கொதித்தது. பெண்களுக்கென்று தனி அறையும் வந்தது. மரியரஞ்சனிக்குப் பெருமையில் கால் நிலத்தில் நிற்கவில்லை.

பயமும் கூடவே வந்தது. புது ஐஸில் வேகம் அதிகம் என்று மகளே சொல்லியிருந்தாள். மரியரஞ்சனியின் மன்னார் வீட்டார், புது வீடென்றால் வாசலில் மடுமாதா கோயில் மண் தூவாமல் உள்ளே கால் வைக்கமாட்டார்கள். முதல் ஆட்டத்தன்று காலை கூட்டி முடித்த கையோடு, பெண்கள் ஐஸுக்கு இறங்கும் வாசலில், "மாதாவே, என்ரை பிள்ளைக்கு ஒண்டும் வரக்கூடாது" என்று ஊரிலிருந்து கொண்டுவந்த மண்ணில் ஒரு பிடி தூவினாள். ஊரையெல்லாம் ஏசியவளுக்கு அது மண்ணென்று தோன்றவேயில்லை. மாதாவின் மண் மண்ணாகுமா?

அன்றைய ஆட்டத்தில் றொஷானி வேகமாய்த் திரும்பியபோது கத்தி ஐஸைப் பிடிக்கவில்லை. சறுக்கிப்போய்ப் பலகைச் சுவரில் முதுகு அடிபட விழுந்தாள். இனி நடக்கமாட்டாள் என்று மறுநாள் காலை டொக்டர் சொன்னார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று கோயில் சனம் ஆறுதல் சொன்னது. என்ன ஆறுதலோ!

மகளின் பையிலிருந்த ஸ்கேட்ஸை எடுத்துக் கத்தியை நகத்தால் தடவிப் பார்த்தாள் மரியரஞ்சனி. பல்லுப் பல்லாக இருந்தது. ஏனென்று அவளுக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக் கட்டிலருகே போய் நின்றாள்.

"பிள்ளை, நான்தான்... நீங்கள் இறங்கிற வாசலிலை மடு மண் போட்டனான்."

றொஷானி கண்ணை மூடிக்கொண்டாள். தாய் ஏச்சுக்குக் காத்திருந்தாள்.

"கூட்டிப்போட்டீங்களோ அம்மா?"

"என்னது?"

"இண்டைக்குச் சின்னாக்களுக்கு ட்ரேனிங். அவையும் அதாலைதான் போவினம்."

மரியரஞ்சனி கூட்டவில்லை. நேற்று மகளோடு அம்புலன்சில் ஏறியவள் பிறகு அங்கே போகவேயில்லை. மண்டபத்துக்குப் போன் எடுத்தாள். யாரோ நொர்வேஜியன் மறுபக்கத்தில் பேசினான்.

"பிள்ளையளை விடாதேங்கோ! ஐயோ, விடாதேங்கோ!" என்று தமிழில் கத்தினாள்.