புள்ளி ஐந்து சதவீதம்

அந்தப் பாட்டிலை நான் முதலில் பார்த்தது அக்கா வீட்டு ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில். ஒரு பக்கம் மோர்ச் செம்பு, இன்னொரு பக்கம் தோசை மாவு வைத்த டப்பா, நடுவில் கரும்பச்சை நிறத்தில் ஒரு பெரிய ஒயின் பாட்டில். கழுத்தில் தங்க நிறத் தாள் சுற்றியிருந்தது. பாதி காலி. தண்ணீர் எடுக்கப் போன நான் தண்ணீரை மறந்துவிட்டு அதை வெளியே எடுத்தேன். வேறொரு லேபிளின் மேல் ஒட்டியிருக்கிறார்களா என்று ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. மூடியைத் திருகி முகர்ந்தேன். ஒயின் வாசனையேதான். பின்பக்கத்தில் ஆங்கிலத்தில், ஆல்கஹால் நீக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. அதன் கீழே, எறும்பு ஊர்ந்தது போன்ற சிறிய எழுத்தில், 0.5 சதவீதத்துக்குள் என்று இருந்தது. பெரிய எழுத்தில் சொல்வதைச் சிறிய எழுத்து எங்கே திருத்துகிறது என்று பார்ப்பது என் தொழிலாக இருந்தது. அப்போது நான் ஒரு நாளிதழின் ஓசூர் நிருபர்.

பாட்டில் மாமாவுடையது. மாமா என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், வெளியிலிருந்து வாங்கும் பாகங்களைச் சோதிக்கும் பிரிவில் இருந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் குடித்தவர். ஒருமுறை குடித்துவிட்டு ஷிப்டுக்குப் போய், நுழைவாயிலில் செக்யூரிட்டி நீட்டும் ஊதும் கருவியில் மாட்டிக்கொண்டார். இன்னொரு முறை அந்தக் கருவி கத்தினால் வேலை இல்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். அதே வாரம் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு சாமல்பட்டியில் எங்கள் அப்பா வீட்டுக்குப் போனாள். நாற்பது நாள் கழித்து ஒரே நிபந்தனையோடு திரும்பினாள். ஒரு சொட்டு உள்ளே போனாலும் கிளம்பிவிடுவாள், அதற்குப் பிறகு திரும்ப மாட்டாள். மாமா நிறுத்தினார். நான் அந்தப் பாட்டிலைப் பார்த்தபோது நான்கு ஆண்டுகள் முடியப்போகும் நேரம்.

காவல் நிலையமும் நீதிமன்றமும் விபத்தும்தான் என் அன்றாடம். குடியை விட்டுவிட்டேன் என்று சொன்னவர்கள் பாட்டிலை எங்கெல்லாம் வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இருமல் மருந்துக் குப்பியில். ஃபிரிட்ஜ் கதவில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தவரை நான் பார்த்ததில்லை. அது எனக்கு நேர்மையாகத் தோன்றவில்லை. இன்னும் தேர்ந்த ஒரு மறைப்பாகத்தான் தோன்றியது.

மாமா உள்ளே வந்து, என் கையில் பாட்டிலைப் பார்த்தார்.

“என்ன ரிப்போர்ட்டரம்மா, ரெய்டா? வாரன்ட் கொண்டாந்தியா?”

“இது என்ன மாமா?”

“சரக்கு இல்லம்மா. ஒயினாவே செஞ்சு, அப்புறம் அதுலேர்ந்து ஆல்கஹாலை மட்டும் பிரிச்சு எடுத்துர்றாங்க.”

“எடுத்ததை எங்க வெக்கறாங்க?”

“ஏன், உனக்கு வேணுமா?”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

விஷயம் ஒரு விருந்தில் தொடங்கியிருந்தது. வெளிநாட்டிலிருந்து தொழிற்சாலையைப் பார்க்க வந்தவர்களைப் பெங்களூரில் ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். எல்லோர் கையிலும் ஒயின் கோப்பை, இவர் கையில் மட்டும் தண்ணீர். பரிமாறியவர் அதைக் கவனித்து, ஆல்கஹால் இல்லாத, நுரைக்கும் ஒயின் ஒன்றை ஊற்றிக் கொடுத்திருக்கிறார். “நாலு வருஷம் கழிச்சு, கையை எங்க வெக்கறதுன்னு தெரிஞ்சுதும்மா” என்று அதைப் பற்றிச் சொன்னார். அதன் பிறகு அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு பாட்டில் வாங்கி வந்தார். வாங்கியதை வெறுமனே குடிக்கவில்லை, சோதித்தார். மகள் பாதி எழுதிவிட்டுப் போட்ட நோட்டில் கோடு கிழித்து, வகை, சர்க்கரை, மூக்கு, நாக்கு, தொண்டை, முடிவு என்று கட்டங்கள் போட்டிருந்தார். முடிவு மூன்றே விதம். ஏற்பு, நிராகரிப்பு, ரீவொர்க்.

அந்த நோட்டை அன்று வாங்கிப் பார்த்தேன். சாட்சியம் படிப்பது போலத்தான் படித்தேன், ஆனாலும் அதில் ஒழுங்கு இருந்தது. நுரைக்கும் வகை பெரும்பாலும் ஏற்பு. ஆல்கஹால் போன வெற்றிடத்தைக் குமிழி நிரப்பிவிடுகிறது, நன்றாகக் குளிர வைத்தால் குறையே தெரியாது என்று எழுதியிருந்தார். வெள்ளையில், வாசனை தூக்கலான திராட்சையில் செய்தது ஏற்பு. மணம் குறைந்ததெல்லாம் எலுமிச்சை பிழிந்த தண்ணீர்போல் இருப்பதால் நிராகரிப்பு. இளஞ்சிவப்பில் ஒன்று ரீவொர்க். ஒரு துண்டு ஆரஞ்சு போட்டால் தேறும். சிவப்புதான் அவரை அலைக்கழித்தது. ஆல்கஹாலை எடுத்தால் அதன் உடம்பே போய்விடுகிறது, கசப்பு மட்டும் மிஞ்சுகிறது, அந்தக் கசப்பைச் சர்க்கரை போட்டு மூடுகிறார்கள். ஐந்து சிவப்பில் நான்கு நிராகரிப்பு. பிழைத்த ஒன்று, தேயிலைத் துவர்ப்பு சேர்த்துச் செய்தது. லேபிளில் முதலில் எழுதியிருப்பது ஒயினா, திராட்சைச் சாறா என்று பார்க்க வேண்டும், சாறு என்றிருந்தால் அது வேறு பொருள் என்று அடிக்கோடிட்டிருந்தார். திறந்த பாட்டில் மூன்று நாளைக்கு மேல் நிற்காது என்றும் இருந்தது.

இவ்வளவு நுணுக்கமாக எழுதுபவர் எதையோ ஏமாற்றிக்கொண்டிருக்கிறார் என்றே முடிவு செய்தேன். அடுத்த முறை போனபோது, எவ்வளவு குறைகிறது என்று பார்க்க, பாட்டிலில் திரவம் நிற்கும் இடத்தில் பேனாவால் ஒரு சிறு கோடு போட்டுவிட்டு வந்தேன். குடிநோய் சிகிச்சை தரும் ஒரு மருத்துவரிடம் கேட்டேன். அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, அந்தப் புள்ளி ஐந்து சதவீதம் மிகவும் கனிந்த சில பழங்களில்கூட இருக்கும் அளவுதான், போதை வராது. இரண்டு, சிலருக்கு அந்த ருசியே பழைய பாதையைத் திறந்துவிடும். இரண்டையும் குறித்துக்கொண்டேன். அக்காவிடம் இரண்டாவதை மட்டும் சொன்னேன். இப்படிப் பாதியை மட்டும் செய்தியாக எழுதிக் கொடுத்திருந்தால் ஆசிரியர் அதை என் முகத்தில் வீசியிருப்பார்.

“அப்ப, அதுல இருக்குது தானே?” என்றாள் அக்கா.

“புள்ளி அஞ்சு.”

“புள்ளியோ கோடோ. இருக்குதா இல்லயா?”

“இருக்குது.”

வீட்டில் நான்கு பாட்டில்கள் இருந்தன. எல்லாம் போக வேண்டும் என்றாள். மாமா வாதாடவில்லை. தானே ஒவ்வொன்றாகத் திறந்து பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினார். கடைசிப் பாட்டிலைச் சாய்க்கும் முன் என்னைப் பார்த்து, “இந்த வெள்ளைய மட்டும் ஒரு வாய் குடிச்சுப் பாரும்மா. நல்ல சரக்கு” என்றவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, “நல்ல மெட்டீரியல்” என்று திருத்தினார். நான் வேண்டாம் என்றேன்.

வெறுங்கையாகக் கிறிஸ்துமஸ் விருந்தில் அவரை உட்கார வைக்க அக்காவுக்கும் மனமில்லை. எங்கள் வீட்டில் அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் திராட்சை ஒயின் போடுவார். கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, ஈஸ்ட், கிராம்பு, பட்டை. மாமா குடியை நிறுத்தியதிலிருந்து, அம்மா ஒயின் போட்ட ஜாடி அக்கா வீட்டுப் பரணில் கிடந்தது. அக்கா அதை இறக்கிக் கழுவினாள். கோதுமையும் ஈஸ்ட்டும் இல்லாமல் மற்றதை மட்டும் போட்டு, துணி கட்டி, மூன்று வாரம் வைத்து வடிகட்டினால் ருசி வரும், போதை வராது என்பது அவள் கணக்கு. நானும் தலையாட்டினேன். ராயக்கோட்டை சாலையில் ஒரு தோட்டத்திலிருந்து திராட்சையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அந்த ஜாடியின் லேபிளை நான் தேடவில்லை. அதற்கு லேபிளே கிடையாது.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் மாமாவுக்கு இரண்டாம் ஷிப்டு. மதியம் சாப்பாட்டோடு அக்கா ஊற்றிய சாற்றை இரண்டு டம்ளர் குடித்துவிட்டுக் கிளம்பினார். நுழைவாயிலில் கருவி கத்தியது. மூன்று முறை ஊதச் சொன்னார்கள், மூன்று முறையும் கத்தியது. அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, விசாரணைக்கு வரும்படி கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது கட்டிலின் மேல் சூட்கேஸ் திறந்து கிடந்தது. அக்கா அழவில்லை, புடவைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மாமா நாற்காலியில் உட்கார்ந்து, “நான் குடிக்கல” என்று ஒரே ஒரு முறை சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினேன். மாடித் தொட்டியைச் சுற்றி வந்தேன். டூல்ஸ் பெட்டியைக் கொட்டினேன். எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததையும் அவருடைய கெட்டிக்காரத்தனத்தில்தான் சேர்த்தேன். பிறகு அந்த நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன்.

“வீட்டு ஜூஸ். சிவப்பு. மூக்கு: நன்று. நாக்கு: உடம்பு இருக்கிறது. தொண்டை: சூடு இறங்குகிறது. இது எந்தப் பாட்டிலிலும் வரவில்லை. முடிவு: ஏற்பு.”

இரண்டு முறை படித்தேன். விலைக்கு வாங்கிய எந்தப் பாட்டிலிலும் இல்லாத சூடு. நான் சமையலறைக்குப் போய் ஜாடியின் துணியை அவிழ்த்தேன். அடியில் மிச்சமிருந்த சாற்றின் விளிம்பில் சின்னச் சின்னக் குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன. முகர்ந்தபோது அம்மாவின் பழைய கிறிஸ்துமஸ் வாசனை வந்தது.

“அக்கா, இது ஒயின்.”

“பைத்தியமா உனக்கு? ஈஸ்ட் போடல, கோதுமை போடல. எங்கேர்ந்து வரும்?”

திராட்சைத் தோலின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்குமே, புளிக்க வைப்பது அதோடுதான் ஒட்டி வருகிறது, சர்க்கரையும் மூன்று வாரமும் கொடுத்தால் யாரும் எதுவும் போட வேண்டியதில்லை என்று சொன்னேன். அவள் ஜாடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“விசாரணைல இதைச் சொல்லுங்க மாமா” என்றேன்.

“பொண்டாட்டி ஊத்திக் குடுத்தான்னு எழுதிக் குடுக்கணுமா? முடியாதும்மா. வேலை போனா போவட்டும்.”

மறுநாள் காலை அக்கா மிச்சச் சாற்றை ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்குப் போனாள். ஞாயிறு பூசை தவறாதவள். வாழ்நாளில் அம்மாவின் ஒயினைக்கூட உதட்டோடு நிறுத்தியவள். பணியாளர் பிரிவு அதிகாரி வெளியே வந்தார், இளைஞர்.

“மேடம், இதெல்லாம் ப்ரொசீஜர்ல இல்ல.”

“உங்க ப்ரொசீஜர்ல எங்க வீட்டுக்காரர் வேலை போகப்போவுது சார். நான் குடிச்சு ஊதறேன். கத்தலன்னா நான் பேசாம ஊருக்குப் போயிக்கினே இருக்கேன்.”

அவர் மறுப்பதற்குள் பாட்டிலைத் திறந்து, நின்றபடியே இரண்டு டம்ளர் அளவு குடித்துவிட்டாள். அவர் பெருமூச்சு விட்டு, வாயில் ஒட்டியிருப்பது கணக்கில் வரக்கூடாது, வாய் கொப்புளித்துவிட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றார். பைக் ஷெட் நிழலில் காத்திருந்தோம். ஷிப்டுக்கு வந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். அக்காவின் காது மடல்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. பிறகு செக்யூரிட்டி கருவியை நீட்டினார். அவர் கன்னடக்காரர்.

“ஊதுங்க அக்கா. இன்னும். இன்னும். நிறுத்தாதீங்க. சாக்கு, சாக்கு!” போதும் என்று அவர் கன்னடத்தில் சொல்லி முடிப்பதற்குள் கருவி கத்தியது.

அக்கா அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள். “கேட்டீங்களா? குடிக்கக் குடுத்தவ நான். எழுதிக்கோங்க.”

செக்யூரிட்டி முதலில் சிரித்தார். அப்புறம் அந்த அதிகாரியும். பத்து நாளில் மாமாவை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அக்கா, தான் ஊதிய அன்று சாயங்காலமே சூட்கேஸைப் பரணில் போட்டிருந்தாள்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்ததாகப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். வெளியிலிருந்து வாங்கும் பாகங்கள் மட்டுமே மாமாவின் மேசைக்கு வரும். உள்ளே செய்தவை சோதனை இல்லாமல் நேராக உற்பத்தி லைனுக்குப் போய்விடும். வீட்டிலும் நாங்கள் மூன்று பேரும் அதையேதான் செய்திருந்தோம். ஆனால் ஒரு கேள்வியை நான் இன்னும் மூடவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் குடித்தவருக்கு அந்தச் சூடு என்னவென்று தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்திருந்தால் அதை நோட்டில் எழுதி வைத்திருப்பாரா, தெரியாமலிருந்தால் அந்தச் சூட்டைத் தனியாகக் குறித்திருப்பாரா? ஒருமுறை கேட்டேவிட்டேன். “அவ குடுத்தா. குடிச்சேன்” என்றார். அதில் பொய் இல்லை. பதிலும் இல்லை.

இப்போது நான் பத்திரிகையில் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஆல்கஹால் நீக்கிய பாட்டில் தேர்ந்தெடுக்கும் வேலை என்னுடையது. அக்காவே அதை என்னிடம் ஒப்படைத்துவிட்டாள். பெங்களூரில் கடை அலமாரி முன் நின்று சிறிய எழுத்தைப் படிக்கிறேன். நுரைப்பது ஒன்று, வாசனை வெள்ளை ஒன்று, சர்க்கரை குறைவாக இருந்தால் மட்டும் ஒரு சிவப்பு. விருந்தன்று மாமாதான் திறப்பார். முதல் டம்ளரை என்னிடம் நீட்டுவார். நான் குடித்து, விழுங்கி, தலையசைக்கும் வரை தன் டம்ளரைத் தொட மாட்டார். விருந்துக்கு வந்தவர்கள் அதை மரியாதை என்று நினைக்கிறார்கள். அக்கா அந்த நேரம் பார்த்துக் குழம்பு எடுக்க உள்ளே போய்விடுகிறாள்.

போன முறை, “நீங்க குடிங்க மாமா, எதுக்கு எனக்கு முதல்ல” என்றேன்.

“நீ பாத்துச் சொல்லும்மா. அப்புறம் குடிக்கறேன்.”

அந்தக் குரலில் கிண்டல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.