சாமி மேடையில் ஒரு வைன் போத்தல்

போன வருடம், தீபாவளிக்கு முந்தின வாரம் மலேசியாவில், ஈப்போவில் நடந்தது இது. குனோங் ராபாட்டில் என் வீட்டுச் சாமி மேடையில், வீட்டுக்காரர் படத்துக்குக் கீழே, நான்கு வருடமாக ஒரு வைன் போத்தல் இருந்தது. சிரிக்காதீர்கள். கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள் நான். ஆஸ்திரேலியாவில் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் கடைசி மகன் நண்பனிடம் கொடுத்தனுப்பியது அது. அவன் பறித்த பழத்தில் செய்ததாம். "வெச்சிருங்கம்மா, நான் வந்து தொறக்கிறேன்" என்று போனில் சொன்னான். அவனுக்கு பெர்மிட் சிக்கல். வந்தால் திரும்பிப் போக முடியாது. அதனால் போத்தலும் நானும் காத்திருந்தோம்.

அன்று விளக்கேற்றப் போனேன். தக்கை மேலே தள்ளிக்கொண்டு நின்றது. விரிப்புத் துணியெல்லாம் சிவப்பு. போத்தலைப் பழைய கைலியில் சுற்றிக்கொண்டு, டவுனில் வைன் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா சீனர். ரப்பர் தோட்டத்துக் கடையில் வளர்ந்தவராம், தமிழ் நன்றாகவே வந்தது.

திறந்து மோந்தவர் முகத்தைச் சுளித்தார். "செத்துப் போச்சிலா ஆச்சி. எங்க வெச்சீங்க?"

"சாமிகிட்ட, வெளக்குப் பக்கத்துல."

"ஐயோ, சாமிக்கே வேர்த்திருக்கும்லா! இது குளிர்ல வெக்கிற சாமான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வந்து திறக்க ஒன்றுமில்லாமல் போய்விட்டதே என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் என்ன நினைத்தாரோ, போத்தலில் ஒட்டியிருந்ததைப் படிக்கச் சொல்லி என் பக்கம் திருப்பினார். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. "கண்ணாடி வீட்டுல இருக்கு" என்றேன். அவரே படித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கிளாசில் கொஞ்சம் கொஞ்சம் வேறு வைன் ஊற்றினார். இரண்டும் ஷிராஸ் என்கிற ஒரே திராட்சைதானாம். ஒன்று வெயில் அடிக்கும் சமவெளியில் விளைந்தது, மற்றது குளிர் மலையில். நாக்கை நனைத்தேன். முதலாவது, காய்ச்சிய பழப்பாகு மாதிரி. இரண்டாவதில் மிளகு வாசம்.

"பாத்தீங்களா ஆச்சி, பழம் ஒண்ணுதான், ஊர்தான் வேற."

"இத எனக்கா சொல்றே? முப்பது வருசம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவ நான். மேட்டு நிரைப் பாலும் சதுப்பு நிரைப் பாலும் ஒண்ணா? வாளியத் தூக்குனாலே சொல்லிருவேன்."

"அப்ப நீங்கதான் இங்க வேலைக்கு வரணும்லா" என்று சிரித்தார்.

"எம்மவன் போத்தல் எந்த எடத்துது?"

"ரெண்டாவது கிளாசு ஊர்தான். மலை. காலையில வெரல் வெறச்சிப் போகும்."

நான்கு வருடமாக "சொகமா இருக்கேன்" என்பதைத் தவிர அவன் எனக்கு ஒன்றும் சொன்னதில்லை. அந்த இரண்டாவது கிளாசை மெல்ல, முழுவதும் குடித்தேன்.

சாயந்திரம் போன் செய்தேன். போத்தல் கெட்டதைச் சொல்லிவிட்டு, "குளிருக்குக் கையில என்னடா போடுறே?" என்று கேட்டேன். "குளிருன்னு யாரும்மா சொன்னாங்க?" கடைக்கார அம்மா அதே மலையின் வைனை ஊற்றித் தந்ததைச் சொன்னதும், "எப்படிம்மா இருந்துச்சி?" என்றான்.

"ஏன், நீ குடிச்சதில்லையா?"

"பறிக்கிறதோட சரிம்மா. அந்த ஒரு போத்தல்தான் குடுத்தாங்க. அதத்தான் அனுப்பிட்டேனே."

அவன் மலையின் ருசியை அவனுக்கு நான்தான் சொன்னேன்.

போத்தலைக் கழுவி அதே இடத்தில் வைத்திருக்கிறேன். இப்போது ரசத்துக்கு மிளகு தட்டும்போதெல்லாம், என் பிள்ளை விடியலில் எங்கே கை விறைக்க நிற்கிறான் என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்த பிறகு ஏக்கம் கூடித்தான் போயிற்று, ஆனாலும் அதை யாரும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டாம்.