ஆமைக்கும் சேர்த்து லீசு

நான் எந்த வீட்டிலும் நிலைக்காத ஆள். செங்கல்பட்டு ஒன்றிலேயே தெருத் தெருவாக மாறியிருக்கிறேன். ஒரு வீட்டில் தண்ணீர் உப்பு, இன்னொன்றில் ஓனர் கசப்பு, மூன்றாவதில் ஒரு குறையும் இல்லை; அதனாலேயே கிளம்பிவிட்டேன்.

மாமல்லபுரத்து இந்த மாடி வீட்டுக்கு வந்தபிறகுதான் கால் ஓய்ந்தது. காரணம் காற்று. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, சவுக்குத் தோப்பைத் தாண்டி, கருவாட்டு வாசனையும் உளிச் சத்தமும் கலந்து பால்கனி வழியாக வரும். காலண்டரைப் புரட்டும், லுங்கியைக் களவாடப் பார்க்கும், நான் எழுதிய தாளைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்படியில் போடும். என் கவிதைகளை இவ்வளவு ஆர்வமாக எடுத்துப்போன வாசகர் வேறு யாரும் இல்லை.

எங்கள் பக்கத்து லீசு தெரிந்ததுதானே: ஒரு தொகையை மொத்தமாக ஓனரிடம் கொடுத்துவிட்டு மூன்று வருடம் வாடகையில்லாமல் இருப்பது, காலி செய்யும்போது தொகை திரும்பி வரும். கெடு முடியப்போகிற மாதத்தில், நீட்டித்துத் தரும்படி கேட்கக் கீழே இறங்கினேன்.

கீழ்வீட்டில்தான் ஓனர். மாடிப்படி இறங்குவதே அவர்கள் வாசலுக்குள். ரோட்டோரம் சிற்பப் பட்டறை வைத்திருக்கிறார். புருவத்தில் எப்போதும் கல்தூசி, யோசித்தால் உதிரும்.

“இன்னொரு மூணு வருஷம் போட்டுக்கலாமாண்ணே?”

தூசி உதிர்ந்தது. “அது வந்து சார்... கல்பாக்கத்துல வேலை செய்றவரு ஒருத்தரு கேட்டுகினு கீறாரு. மாச வாடகை பார்ட்டி. ஞாயித்துக்கெழம வூடு பாக்க வராரு. நீங்கதான் ஊரு ஊரா சுத்தற ஆளாச்சே, ஒங்களுக்கு இன்னா?”

இத்தனை வருட ஊர்சுற்றல் எனக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டது. மேலே வந்து பால்கனியில் உட்கார்ந்தேன். காற்று சட்டைக்குள் புகுந்து முதுகைத் தடவிக்கொடுத்தது. நான் உட்கார்ந்திருந்தது ஓர் ஆமையின் மேல்.

கருங்கல் ஆமை. நீச்சல் குளத்தோரம் வைக்க ஒரு ஹோட்டல்காரர் சொல்லிவிட்டு, செதுக்கி முடித்ததும் வேண்டாம் என்றுவிட்டார். பட்டறையில் இடமில்லை. ஓனர் மனைவி செய்யூருக்குத் தாய்வீடு போயிருந்த நாளாகப் பார்த்து, பட்டறை ஆட்கள் தூக்கிவந்து என் பால்கனியில் வைத்துவிட்டார்கள்.

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்...” என்று அன்று நான் ஓனரிடம் இழுத்தேன்.

“உருப்படாதுன்றியா சார்? கல்லு ஆமை இன்னா பண்ணும்? கோயில்ல கூடத்தான் ஆமை செதுக்கிக் குடுக்கறோம். கோயிலு உருப்படாமயா பூட்ச்சு?” என்றவர், ஆறுதலாக இன்னொன்றும் சொன்னார்: “அப்டியே ஏதாச்சும் ஆனாலும், லீசு முடியற வரைக்கும் இது ஒங்க வூடுதானே. எங்க வூட்டம்மா கைல மட்டும் மூச்சு வுடாதீங்க.”

டீ குடிக்க உட்கார வாகான முதுகு. நானும் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓனர் ஒரு போர்வையோடு வந்து ஆமையை மூடினார். காய்ச்சலில் யாரோ குப்புறப் படுத்திருப்பதுபோல் இருந்தது. “டேபிளுன்னு நெனச்சிக்குவாங்க,” என்றார். காலையில் வருவதாகச் சொன்ன கல்பாக்கத்துக்காரர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மனைவியோடு வந்தார். புதுப் பார்ட்டியைப் பார்க்கும் ஆவலில், மூட்டுவலியால் மாடியே ஏறாத ஓனர் மனைவியும் பின்னால் ஏறி வந்துவிட்டார்.

கல்பாக்கத்துக்காரர் குழாயைத் திறந்து பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். பால்கனியில் நின்று, “காத்து வருமா சார்?” என்றார்.

கேட்டிருக்கக் கூடாது. வந்தது. போர்வையின் நுனியை மெல்லத் தூக்கியது, கொஞ்சம் யோசித்தது, மொத்தமாக உருவி ஓனர் தலையில் போட்டது. ஆமை கழுத்தை நீட்டி எல்லோரையும் பார்த்தது.

அணு உலைக்குப் பக்கத்தில் அன்றாடம் நிற்கிற மனிதர், கதவுவரை பின்வாங்கினார். “வேணாங்க, வாங்க போலாம்,” என்று அவர் மனைவி அதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டார்.

“கல்லுங்க! வெறுங் கல்லு!” என்றது போர்வை.

ஓனர் மனைவி போர்வையை இழுத்தார். “யோவ், இது எப்பய்யா வூட்டுக்குள்ள வந்துச்சு?”

“நீ செய்யூரு போயிருந்தப்ப... நம்ம வூட்டுல இல்லம்மே. இது லீசுல கீது. சாரு வூடு.”

“லீசு முடிஞ்சா?”

ஓனர் புருவத்திலிருந்து தூசி உதிர்ந்தது.

“அன்னிக்கி நம்ம வூட்டுலதானய்யா ஆமை குந்திகினு இருக்கும்!”

“நாளைக்கே ஆளுங்கள இட்டாந்து எறக்கிடறேம்மே.”

“எங்க எறக்குவ? என் வாசல் வழியாவா? எறக்கித்தான் பாரேன்!” என்றவர் என் பக்கம் திரும்பினார். குரல் சட்டென்று இளநீராகிவிட்டது. “சார், நீங்க எத்தினி வருசம் கேட்டீங்க?”

“மூணும்மா.”

“அஞ்சா போட்டுக்கங்க. அது மாடியிலயே இருக்கட்டும், நீங்களும் இருங்க.”

“எனக்கு ஒண்ணும் ஆகாதாம்மா?”

“நீங்க கவித எழுதறவராச்சே சார். ஆமை வந்தா புதுசா கெடுக்கப் போவுது?”

எனக்கு இதுவரை கிடைத்ததில் மிகத் துல்லியமான விமர்சனம் அது. மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டேன்.

இப்போதெல்லாம் மத்தியானக் காற்று வரும் நேரத்தில் ஆமை மேல் உட்கார்ந்து டீ குடிக்கிறேன். ஓனர் போர்வையைத் திரும்பக் கேட்கவில்லை. அவர் மனைவிதான் வெள்ளிக்கிழமை தோறும் வாசலைக் கழுவிவிட்டு அண்ணாந்து குரல் கொடுப்பார்.

“சார், ஆமை கீதா?”

“கீதும்மா!”