பாதி வெள்ளையடித்த மொட்டைமாடி

“வெயில் எப்பவோ இறங்கிப்போச்சு, எங்க வீடு மட்டும் ஏன் சார் இன்னும் கொதிக்குது?”

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலையில் பள்ளிக்கூட வாசலில் நின்று செண்பகவல்லி அவர்கள் என்னிடம் கேட்ட கேள்வி இது. சென்ற வாரம் அவருடைய பக்கத்து வீட்டு அஞ்சலை தொலைபேசியில், “அக்கா போயிட்டாங்க சார்” என்று சொன்னபோது முதலில் என் நினைவுக்கு வந்ததும் இதுதான்.

செண்பகவல்லி அவர்கள் எங்கள் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர். நான் அறிவியல் ஆசிரியர். வெண்ணாற்றங்கரையில் கீற்றுக் குடிசைகளில் இருந்த குடும்பங்களை எடுத்து, தஞ்சாவூருக்கு வெளியே அரசு அடுக்குமாடியில் குடியேற்றினார்கள். அவருக்கும் அஞ்சலைக்கும் கடைசி மாடியில் அடுத்தடுத்த வீடு. மழைக்கு ஒழுகாத வீடு என்று மகிழ்ந்துதான் போனார்கள். முதல் கோடையிலேயே மகிழ்ச்சி வற்றிவிட்டது.

எதையும் உதாரணம் காட்டிச் சொல்வது என் வழக்கம். “அடுப்பை அணைச்ச பிறகும் தோசைக்கல் சுடுதில்லையா? உங்க மாடித் தளமும் அப்படித்தான். பகலெல்லாம் வாங்கின சூட்டை ராத்திரியில கீழே இறக்குது” என்றேன். “அப்ப நாங்கதான் தோசையா சார்?”

சிரித்துவிட்டு, இதற்கு என்ன வழி என்று விடாமல் கேட்டார். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும் என்றேன். அடுத்த கோடைக்குள் சுண்ணாம்பில் பசை கலந்து, ஆட்களைச் சேர்த்து மொட்டைமாடி முழுவதும் அடித்துவிட்டார். மாடிக்குக் கல்யாணமா என்று கீழ்வீட்டுக்காரர்கள் கேலி பேசினார்கள். ஆனால் அந்தக் கோடையில் மேல்மாடி வீடுகளில் பிள்ளைகள் மதியம் தூங்கினார்கள். கடனுக்கு ஏர்கூலர் வாங்க இருந்த ஒருவர் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

புரட்டாசியில் குறுவை அறுவடை வந்தது. அஞ்சலை போன்றவர்கள் இன்றும் அறுப்புக்குப் போய்க் கூலியாக நெல் வாங்கி வருகிறவர்கள். அதை அவித்துக் காயவைக்க அவர்களுக்கு இருந்த ஒரே களம் அந்த மொட்டைமாடி. குளிர்ந்த தளத்தில் நெல் காயவில்லை, சுண்ணாம்பு வேறு ஒட்டிக்கொண்டது. இது எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. அஞ்சலை மாடிப்படியில் நின்றே சண்டை பிடித்தார்.

“வீடு குளுந்தா போதுமாக்கா? என் நெல்லு பூசணம் புடிச்சா உன் சத்துணவுலயா கொண்டுபோய்ப் போடுவ?”

மறுநாள் செண்பகவல்லி அவர்கள் பாதி மாடியின் சுண்ணாம்பைத் தேய்த்துக் கழுவினார். படி ஏறியதும் வருகிற பாதி அது, நெல் சுமந்து வர வசதி. அதற்கு நேர் கீழே இருந்தது அவருடைய வீடுதான். நான் தடுத்துப் பார்த்தேன். “பகலெல்லாம் பள்ளிக்கூடத்துலதானே சார் கெடக்கேன். என் வீட்டு மேலேயே காயட்டும்” என்றார்.

பணி ஓய்வு பெற்றபின் பகலும் அந்த வீட்டுக்குள்தான் என்றானது. மேலே வெள்ளை ஓடு பதித்தால் வீடும் குளிரும், நெல்லிலும் எதுவும் ஒட்டாது, கொஞ்சம் மெதுவாகக் காய்ந்தாலும் அஞ்சலை பொறுத்துக்கொள்வாள் என்று அவரே யோசித்து, குடியிருப்பு வாரிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். கட்டிடத்தை ஒப்படைத்தாகிவிட்டது, இனி அதற்கு நிதி இல்லை என்றார்கள். பக்கத்தில் புதிதாக எழும்பும் கட்டிடங்களிலாவது பதியுங்கள் என்று கேட்டார். திட்டத்தில் அதற்கு இடமில்லை என்றார்கள்.

“கட்டுறப்ப கேட்டா திட்டத்துல இல்லைங்கறாங்க. கட்டினப்புறம் கேட்டா ஒப்படைச்சாச்சுங்கறாங்க. நடுவுல எந்தக் கெழமையில சார் போய்க் கேக்கறது?”

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை.

இந்தக் கத்திரி வெயிலில் ஒரு நாள் காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. தன் வீட்டில் வந்து படுக்கும்படி அஞ்சலை கூப்பிட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் வருகிறேன் என்றவர் வரவில்லை. மாலையில் அஞ்சலை கதவைத் தள்ளிப் பார்த்தபோது தரையில் ஈரத்துணி விரித்துப் படுத்திருந்தார். உடம்பு அனலாக இருந்ததாம். மருத்துவமனையில் மாரடைப்பு என்று எழுதினார்கள். அதில் வெயிலின் பெயர் இல்லை.

அடக்கம் முடிந்தபின் நான் மேலே ஏறிப் பார்த்தேன். அஞ்சலை கோடை நெல்லை அள்ளிவிட்டு, தளத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். “இனிமே இங்க காயப்போட மாட்டேன் சார்” என்றார். அவருக்கு வேறு களம் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். எதிரே புதுக் கட்டிடங்களின் மொட்டைத் தளங்கள் வரிசையாக வெயிலில் கிடந்தன. செண்பகவல்லி அவர்களுடைய வீட்டுக்கும் வேறொரு குடும்பம் வரும். வெள்ளை ஓடு வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

செண்பகவல்லி அம்மா, நீங்கள் கேட்டதற்கெல்லாம் என்னிடம் உதாரணம்தான் இருந்தது. போய் வாருங்கள்.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். நாளை மதியம் மூன்று மணிக்கு உங்களுக்குத் தெரிந்த ஒரு கடைசி மாடி வீட்டுக்குப் போய், மின்விசிறியை நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.